பன்னிரண்டரை அடி ரிப் படகுக்கு எத்தனை எச்.பி.? மேட்டூர் தண்ணீரை வைத்து ஒரு கணக்கு

கொளத்தூர்ப் பக்கத்துத் தம்பிகள் ஆறு பேர் சேர்ந்து பழைய ரிப் படகு (கெட்டியான அடி, சுற்றிலும் காற்று டியூப் வைத்த படகு) ஒன்று வாங்கியிருக்கிறார்கள். இன்ஜின் கிடையாது, வெறும் படகு. பிக்கப் வண்டியில் ஏற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாகத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, சூரமங்கலத்தில் இருக்கிற என் பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆடிப்பெருக்கன்று காவிரியில் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆழத்துக்குப் போய்விட்ட ஒருவரிடம் பரிசல் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்காகத்தான் இந்தப் படகு.

"அண்ணா, பிளேட்ல முப்பது எச்.பி. வரைக்கும் மாட்டலாம்னு போட்டிருக்குதுங்ண்ணா. அப்ப முப்பதே வாங்கிரலாமுங்களா?"

படகு வாங்குகிற பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு யோசனையை முடித்துக்கொள்கிறார்கள். நான் ஒன்பது வருஷம் கடலூர்ப் பக்கம் அவுட்போர்டு இன்ஜின், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டுகிற இன்ஜின், பிரித்து மாட்டியவன், இப்போது சேலத்தில் மோட்டார் பம்பு பார்க்கிறேன். பிளேட்டில் இருக்கிற எண்ணை நம்பிப் பெரிய இன்ஜின் வாங்கி, பின்பக்கம் தண்ணீரில் அமுங்கிப்போன படகுகளைக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். சின்னது போதும் என்று வாங்கி, நாலு பேர் ஏறியதும் ஆமையாய் நகர்ந்த படகுகளையும் பார்த்திருக்கிறேன். அதனால் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அவர்களோடு போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். இதே அளவுப் படகு வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

அவர்கள் கையில் இருந்த வாய்ப்புகள் நான்கு. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பழைய 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக். புதிதாக 20 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக். புதிதாக 25 அல்லது 30. நாலாவதாக, தெரிந்தவர் ஒருவர் சல்லிசாகத் தருகிறேன் என்ற 40.

படகு 3.8 மீட்டர், அதாவது பன்னிரண்டரை அடி. அடிப்பாகம் எஃப்.ஆர்.பி. என்கிற ஃபைபர், V வடிவம், சுற்றிலும் காற்றடைத்த டியூப். இந்த வகைப் படகு 1960களில் பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் இருக்கும் அட்லாண்டிக் காலேஜில் உருவானது. ரப்பர்ப் படகின் அடி அலையில் அடிபட்டுக் கிழிந்துகொண்டே இருந்ததால், கெட்டியான பலகை அடியின் மேல் டியூபைப் பொருத்திப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் ஹோர் என்கிற கடற்படை அதிகாரியும் அவருடைய மாணவர்களும் செய்த வேலை அது. 1972இல் அங்கிருக்கிற கடல் மீட்புச் சங்கம் அட்லாண்டிக் 21 என்ற பெயரில் அதையே மீட்புப் படகாக ஏற்றுக்கொண்டது. ஆக, இந்தப் படகின் பிறப்பே ஆளைக் காப்பாற்றத்தான். தம்பிகள் வாங்கியது தப்பான பொருள் இல்லை.

பின்பலகையில் ஒட்டியிருந்த பிளேட்டில் 22 கிலோவாட், 6 ஆள், மொத்தச் சுமை 650 கிலோ என்று இருந்தது. ஒரு எச்.பி. என்பது 0.746 கிலோவாட், எனவே 22 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 30 எச்.பி. காற்றடைத்த படகுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6185 தரத்தின்படி தயாரிப்பாளர் போடுகிற மேல் வரம்பு இது. இதற்கு மேல் மாட்டாதே என்று பிளேட் சொல்கிறது. இதை மாட்டு என்று எங்கும் சொல்லவில்லை. நாலு சக்கர வண்டியின் ஸ்பீடோமீட்டரில் 180 என்று அச்சடித்திருப்பதற்காக ஓமலூர் ரோட்டில் யாரும் 180இல் போவதில்லையே.

40ஐ இந்த இடத்திலேயே ஒதுக்கிவிட்டோம். வரம்பு தாண்டியது என்பது முதல் காரணம். 40 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் ஒன்று ஏறத்தாழ 95லிருந்து 105 கிலோ இருக்கும் என்பது இரண்டாவது. படகே 115 கிலோதான். ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான ஒரு பாரத்தைக் கடைசிப் பலகையில் தொங்கவிட்ட படகு எப்படி மிதக்கும் என்று யோசித்தால் போதும். சல்லிசாகக் கிடைக்கிறது என்பதற்காக மாட்டி, ஏதாவது விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கிடைக்காது, மனசும் ஆறாது.

மேட்டைத் தாண்டுகிற கதை

மிச்சம் இருப்பவற்றை ஒப்பிடும் முன் ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும். படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு மெதுவாகப் போகும்போது அதன் நீளமே அதற்கு வேகத்தடை. தானே எழுப்புகிற அலைக்குள் அது மாட்டிக்கொள்கிறது. பன்னிரண்டரை அடிப் படகுக்கு அந்தத் தடை மணிக்கு 8 கிலோமீட்டர் பக்கத்தில் வந்துவிடும். அதற்கு மேல் திராட்டிலைத் திருகினால் முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் குழி பறிக்கும், பெட்ரோல் கரையும், வேகம் கூடாது. அந்த மேட்டை ஏறிக் கடந்தால், 20 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் படகு தண்ணீரின் மேல் ஏறி வழுக்க ஆரம்பிக்கும். இதைத்தான் பிளேனிங் என்கிறார்கள். மேட்டைக் கடந்த பிறகு திராட்டிலைக் குறைத்தாலும் படகு மேலேயே ஓடும். ஏற்காட்டுக் கொண்டையூசி வளைவுகளில் ஃபர்ஸ்ட் கியரில் திணறுகிற வண்டி, மேலே சமதளம் வந்ததும் லேசாக ஓடுகிற மாதிரி.

இன்ஜின் அளவு என்பது முழுக்க முழுக்க இந்த மேட்டைப் பற்றிய கேள்விதான். உங்கள் படகு, உங்கள் சுமையோடு, மேட்டைக் கடக்குமா? உச்ச வேகம் எத்தனை என்பது அடுத்த விஷயம்.

நான் வைத்துக்கொள்கிற கைக்கணக்கு இது. மொத்த எடையை எச்.பி.யால் வகுக்க வேண்டும். ஒரு எச்.பி.க்கு 18 கிலோவுக்குள் இருந்தால் படகு துள்ளி எழும்பும். 25 கிலோ வரை எழும்பும், ஆனால் நேரம் எடுக்கும். 30ஐத் தாண்டினால் அநேகமாக எழும்பாது.

எடைகளைப் போட்டோம். படகு 115. பெட்ரோல் நிரம்பிய 25 லிட்டர் டேங்க் 22. நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட்டுகள், வீசி எறியும் வளையம், துடுப்பு, டூல்ஸ் எல்லாம் சேர்த்து 30. ஆளுக்கு 70. இதோடு இன்ஜின் எடை.

15 டூ ஸ்ட்ரோக் 36 கிலோ என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேரோடு எச்.பி.க்கு 23 கிலோ, நாலு பேரோடு 32. 20 ஃபோர் ஸ்ட்ரோக்கை 48 கிலோ என்று வைத்தால், இரண்டு பேரோடு 18, மூன்று பேரோடு 21, நாலு பேரோடு 25, ஐந்து பேரோடு 28. முப்பதுக்கு 70 கிலோ என்று வைத்தால், இரண்டு பேரோடு 12.6, நாலு பேரோடு 17, ஐந்து பேரோடு 20க்குச் சற்றுக் குறைவு.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் முப்பதுதான் ஜெயிக்கிறது. தம்பிகள் முகமும் மலர்ந்தது. ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை.

எச்.பி.யைப் பார்க்காதே, பிளாக்கைப் பார்

கடைக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அவுட்போர்டு கம்பெனிகள் ஒவ்வொரு எச்.பி.க்கும் தனித்தனி இன்ஜின் செய்வதில்லை. யமஹாவில் 15ம் 20ம் ஒரே 362 சி.சி. பிளாக், அதாவது ஒரே இன்ஜின் உடல். சுசுகியில் 15ம் 20ம் ஒரே 327 சி.சி. டொஹாட்சுவில் 25ம் 30ம் ஒரே 526 சி.சி. உள்ளே காற்று, எரிபொருள் போகிற அளவையும் சுற்று வரம்பையும் மாற்றி மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். எடை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆகவே புதிதாக ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குகிறவர், பிளேட் அனுமதித்தால், 15 வாங்குவதில் அர்த்தமே இல்லை. அதே எடையைத்தானே சுமக்கப் போகிறார்? 25ஐ விட முப்பதுக்கும் பெரும்பாலும் இதே நியாயம்தான். உண்மையான போட்டி எச்.பி.க்கு நடுவே நடப்பதில்லை, எடைக்கு நடுவே நடக்கிறது. 43லிருந்து 52 கிலோ வரை ஒரு குடும்பம். 57லிருந்து 72 வரை அடுத்த குடும்பம். இந்தப் படகின் பின்பலகையில் எந்தக் குடும்பம் உட்கார வேண்டும் என்பதுதான் கேள்வி.

இதற்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. யமஹாவின் 25 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக், 432 சி.சி., கையால் ஸ்டார்ட் செய்கிற மாடல் 57 கிலோவை ஒட்டித்தான் வரும். ஐந்து பேரோடு எச்.பி.க்கு 23 கிலோ. 20க்கும் 30க்கும் நடுவில் இது ஒரு நல்ல பாலம். கடைசி வரைக்கும் என் மனசு இதற்கும் 20க்கும் நடுவே ஊசலாடிக்கொண்டுதான் இருந்தது.

எடை ஏன் இத்தனை முக்கியம்? டில்லரை, அதாவது இன்ஜினிலேயே இருக்கிற கைப்பிடியை, பிடித்து ஓட்டுகிற படகில் ஓட்டுபவர் உட்காருவதும் பின்னாலேதான். முப்பதுக்கு இன்ஜின் 70, ஓட்டுபவர் 70, டேங்கும் பின்னால் இருந்தால் 22. மொத்தம் 162 கிலோ கடைசி மூன்றடிக்குள். முன்பக்கம் காலி. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சொலவடை. நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கும்போது மேட்டூரில் தண்ணீர்ப் பரப்பு 153 சதுர கிலோமீட்டருக்கு மேல். தென்மேற்குக் காற்று அவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடி வந்து அடிக்கிறது. ஒரே ஆள், 30 எச்.பி., முழுத் திராட்டில், முன்பக்கம் தூக்கி நிற்கிறது, அடியில் காற்று நுழைகிறது. அப்படியே மல்லாக்கக் கவிழ்ந்த படகைக் கடலில் ஒருமுறை பார்த்தேன். ஓட்டியவர் நீச்சல் தெரிந்தவர், பிழைத்தார். கில் கார்டை, அதாவது ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற கயிற்றை, மணிக்கட்டில் கட்டியிருந்ததால் இன்ஜின் நின்றது. இல்லையென்றால் விசிறி (புரொப்பெல்லர்) அவர் மேலேயே சுற்றியிருக்கும். எந்த எச்.பி. வாங்கினாலும் அந்தச் சிவப்புச் சுருள் கயிறு கையில் இல்லாமல் ஸ்டார்ட்டர் கயிற்றைத் தொடக்கூடாது. இதில் எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

பழைய பதினைந்தைப் பற்றி

டூ ஸ்ட்ரோக் 15 எனக்குப் பிரியமான இன்ஜின். 246 சி.சி., இரண்டு சிலிண்டர், ஒரு ஆள் தோளில் தூக்கிப் போகலாம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ மரத்தடியே போதும். கடற்கரை முழுக்க உதிரிப்பாகம் கிடைக்கும். மூன்று பேருக்கு மேல் ஏறாத மீன்பிடிப் படகாக இருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

இவர்களுக்கு வேண்டாம் என்றேன். நாலு பேரோடு எச்.பி.க்கு 32 கிலோ, மேட்டைக் கடக்காது. பெட்ரோலும் மிச்சமாகாது. ஃபோர் ஸ்ட்ரோக் 20 முழுத் திராட்டிலில் மணிக்கு ஏழரை லிட்டர் பக்கத்தில் குடிக்கும் என்றால், கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் 15ம் அதே அளவு குடித்துவிடும், லிட்டருக்கு 20 மில்லி ஆயில் வேறு. அதுவும் உப்புத்தண்ணீரில் உழைத்த இன்ஜின். சிலிண்டர் தலைக்குள் தண்ணீர் ஓடுகிற சந்துகளில் உப்பு பிடித்திருக்கும். பழையது வாங்குகிறவர்கள் கம்ப்ரஷன் பாருங்கள், கியர் ஆயிலைத் திறந்து பாருங்கள், பால் நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். மண்ணெண்ணெயில் ஓடுகிற மாடலா என்றும் கேளுங்கள். பார்வைக்குப் பெட்ரோல் இன்ஜின் மாதிரியே இருக்கும், இழுவை குறையும்.

முடிவு செய்தது சேறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு பண்ணவாடிக்குப் போனேன். அங்கிருந்து எதிர்க்கரை நாகமரைக்குப் பரிசல் போகிற துறை. துறை எங்கே என்று கேட்டதற்குப் பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி எங்க நிக்குதோ அதுதான் தம்பி துறை."

அந்த ஒரு வரியில்தான் எங்கள் கணக்கு நேரானது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. காவிரியில் வரத்து இருந்தால் நிரம்பும், டெல்டாவுக்குத் திறந்துவிட்டால் இறங்கும். மட்டம் இறங்க இறங்கக் கரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நன்றாக வற்றுகிற வருஷங்களில் முங்கிக் கிடந்த பழைய தேவாலயக் கோபுரமும் நந்தி சிலையும் பண்ணவாடிப் பக்கம் வெளியே தெரிகின்றன. இங்கே சிமென்ட் சரிவுப் பாதை போட்டு டிரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ளுகிற வசதியை எதிர்பார்க்க முடியாது. வண்டி ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து தண்ணீர் வரை வெடிப்பு விட்ட வண்டலும், அதைத் தாண்டிச் சேறும். படகை நாலு பேர் தூக்கிப் போகலாம். இன்ஜினைத் தனியாகத் தூக்கிப் போய்த்தான் மாட்ட வேண்டும்.

ஆபத்து நேரத்தில் 48 கிலோவை இரண்டு பேர் முழங்கால் சேற்றில் தூக்கிப் போகலாம். சிமென்ட் மூட்டையை விடக் குறைவு. 70 கிலோ ஒரு நெல்மூட்டைக்குக் கிட்ட வரும், அதுவும் பிடிமானம் இல்லாத, ஒரு பக்கம் மட்டும் கனக்கிற நெல்மூட்டை. மூன்று பேர் வேண்டும், கீழே போட்டால் இன்ஜின் போச்சு. அப்படித் தூக்கத் தயங்குகிற ஒவ்வொரு நிமிஷமும் தண்ணீருக்குள் தத்தளிக்கிறவருடைய நிமிஷம். 30 எச்.பி. தண்ணீரில் மிச்சம் பிடித்துத் தருகிற நேரத்தை விடக் கரையில் அது தின்கிற நேரம் அதிகம்.

இன்னொன்று. மீட்புக்குப் போகும்போது படகில் மூன்று பேர்தான். வேகம் வேண்டியது அப்போதுதான். மூன்று பேரோடு 20 எச்.பி. இன்ஜினில் எச்.பி.க்கு 21 கிலோ, தாராளமாக எழும்பும். திரும்பும்போது ஒருவரோ இருவரோ கூடுவார்கள். அப்போது கொஞ்சம் மெதுவாக வந்தாலும், முதலுதவியைப் படகிலேயே ஆரம்பித்துவிடலாம். ஆளைக் கிடத்திவைத்துக்கொண்டு அலையில் துள்ளவும் கூடாது.

57 கிலோ 25 எச்.பி.யை இந்தச் சேற்றில்தான் கைவிட்டேன். வண்டி தண்ணீர் ஓரம் வரை போகிற இடமாக இருந்தால், கையை நீட்டி அதைத்தான் காட்டியிருப்பேன். நிரந்தரமாக இன்ஜினோடு தண்ணீரிலேயே கட்டிவைக்கிற படகுக்கும், ஐந்து ஆறு பேர் வழக்கமாக ஏறுகிற படகுக்கும் அதுவே சரி. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எல்லாரும் 20 வாங்க வேண்டாம். உங்கள் கரையைப் போய்ப் பாருங்கள்.

தண்ணீரில் பார்த்தது

ஒரு 20 எச்.பி.யை இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்தோம். 9 அங்குலப் பிட்ச் விசிறி. சின்ன இன்ஜின்களில் சுற்று காட்டும் மீட்டர் இருக்காது, ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிவைக்கிற மீட்டர் ஒன்று கையில் இருந்தது. வேகத்துக்குச் செல்போன் ஜி.பி.எஸ்.

இரண்டு பேரோடு 5,900 சுற்று, 35 கிலோமீட்டர். நாலு பேரோடு 5,300, வேகம் 28. எழும்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது, ஆனால் எழும்பியது. ஐந்து பேர் ஏறியதும் 4,600இலேயே முக்கிக்கொண்டு 14 கிலோமீட்டரில் நின்றுவிட்டது. மேட்டின் நெற்றியில் நிற்கிறது. பின்பு 8 அங்குலப் பிட்ச் விசிறியை மாட்டி, இரண்டு பேரை முன்னால் நகர்ந்து உட்காரச் சொல்லி, டேங்கையும் முன்பக்கம் தள்ளினோம். மெல்ல ஏறியது, 5,400 சுற்றில் 24 கிலோமீட்டர் காட்டியது.

பிட்ச் என்பது விசிறி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே திருகிப் போகும் என்கிற அளவு. சைக்கிளில் மேடு ஏறச் சின்னக் கியர் போடுவது போலத்தான் குறைந்த பிட்ச். ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று 150லிருந்து 200 வரை கூடும். முழுத் திராட்டிலில், வழக்கமான சுமையோடு, கம்பெனி சொல்கிற சுற்று வரம்பின் மேல் பாதிக்குள் இன்ஜின் போக வேண்டும். போகவில்லை என்றால் இன்ஜின் சின்னது என்று முடிவு கட்டுவதற்கு முன் விசிறியை மாற்றிப் பாருங்கள். பெரிய இன்ஜின் வாங்கின பலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேறு விசிறிதான்.

விசிறி அலுமினியமே போதும். ஸ்டெயின்லெஸ் உருக்கும் ஊர்க்காரனான எனக்கு இரும்பு மேல் பாசம் உண்டு, ஆனாலும் மேட்டூரில் மட்டம் இறங்கும்போது பாறையும் முங்கின மரக்கட்டையும் எங்கே இருக்கும் என்று தெரியாது. அலுமினிய இறகு வளைந்து, அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் அசையாது, அடி கியருக்குப் போகும்.

வெயிலும் மலையும்

இன்ஜின் மேல் எழுதியிருக்கிற எச்.பி. விசிறித் தண்டில் அளந்தது, மிதமான வெப்பநிலைக்குச் சொன்னது. சித்திரை வெயில் 40 டிகிரி தொடும்போது காற்று மெலிந்துவிடுகிறது, இன்ஜினுக்குள் போகிற காற்றும் குறைகிறது. அதில் ஐந்து சதவீதம் பக்கம் போகும். மேட்டூர் கடல் மட்டத்திலிருந்து 240 மீட்டர், அதில் இன்னும் இரண்டு மூன்று சதவீதம். ஆக 20 என்பது மதிய வெயிலில் பதினெட்டரைதான். கணக்குப் போடும்போது இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். எச்.பி.க்கு 25 கிலோ என்று காகிதத்தில் எழும்பிய படகு, மதியம் இரண்டு மணிக்கு எழும்பாமல் போவதன் காரணம் இதுதான்.

இதே இன்ஜினை சேர்வராயன் மலைக்கு ஏற்றினால் வேறு கதை. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். முன்னூறு மீட்டருக்கு மூன்று சதவீதம் என்று வைத்தால் 15 சதவீதம் காணாமல் போகும், 20 எச்.பி. 17 ஆகிவிடும். ஃப்யூல் இன்ஜெக்ஷன் இருந்தால் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது. கார்புரேட்டராக இருந்தால் பெட்ரோல் மிஞ்சிப் புகை கக்கும், பெட்ரோல் வருகிற ஜெட் என்கிற சின்னத் துளையை மாற்ற வேண்டும். பிட்சும் ஓர் அங்குலமாவது குறைக்க வேண்டும். மலையில் சின்ன ஏரிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அங்கே எழும்பி ஓட இடமும் இல்லை, தேவையும் இல்லை. பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் வாங்குங்கள், அந்த அமைதியைக் கெடுக்காதீர்கள்.

டியூப் காற்றையும் வெயில் பார்த்துக்கொள்ளும். காலையில் 25 டிகிரியில் 0.2 பார் அடித்து, படகைக் கரையில் வெயிலில் போட்டு டியூப் 50 டிகிரி ஏறினால் அது 0.3ஐ ஒட்டிப் போய்விடும், தையல் பிரியும். தண்ணீரில் இறக்கியதும் தளர்ந்துவிடும், தளர்ந்த டியூப் மேட்டைக் கடக்க விடாது. தண்ணீரில் இறக்கி ஐந்து நிமிஷம் கழித்துக் காற்றைப் பாருங்கள்.

பெட்ரோல் விஷயம் எனக்குக் கவலை தருகிறது. பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். மீட்புப் படகுக்கு இது பெரிய ஆபத்து, ஏனென்றால் அது மாசக்கணக்கில் சும்மா கிடந்து, ஒரு நாள் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆக வேண்டும். தம்பிகளுக்கு நான் வைத்த நிபந்தனை: தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் கட்டாயம், இரண்டு வாரத்துக்கு மேல் பழசான பெட்ரோல் டேங்கில் இருந்தால் பைக்கில் ஊற்றிவிட்டுப் புதிது நிரப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் கடைசியில் டேங்க் குழாயைக் கழற்றிக் கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓடவிட வேண்டும். இன்ஜெக்ஷன் இன்ஜினுக்குக் கடைசி விதி பொருந்தாது.

ஃபோர் ஸ்ட்ரோக்கை வண்டியில் எந்தப் பக்கமாகப் படுக்க வைக்கலாம் என்று கவர் மேலேயே படம் போட்டிருப்பார்கள். மாற்றிப் படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இன்ஜினுக்குப் பதிலாக அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள மாட்டுகிற தகடு ஒன்று உண்டு. துத்தநாகத் தகடு கடல் தண்ணீருக்கானது. காவிரித் தண்ணீருக்கு மெக்னீசியம் அல்லது அலுமினியத் தகடு கேட்டு வாங்குங்கள்.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீர்த்தேக்கம் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது, மோட்டார் படகை இறக்க எழுத்தில் அனுமதி வேண்டும். இன்ஜின் வைத்த உள்நாட்டுப் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் இருக்கிறது. இன்ஜின் ரசீதில் நம்பர் தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் சல்லிசு நாற்பதை நான் வேண்டாம் என்றதற்கு ஒரு காரணம்.

கடைக்குப் போகும் முன் கடைசியாகப் பின்பலகையை அளந்தோம். மேல் விளிம்பிலிருந்து V அடியின் கீழ் வரை 20¼ அங்குலம். அதாவது லாங் ஷாஃப்ட், நீளத் தண்டு வைத்த இன்ஜின் வேண்டும். 15 அங்குல ஷார்ட் ஷாஃப்ட் வாங்கியிருந்தால் விசிறி காற்றைக் குடித்துக்கொண்டு வெறுமனே சுற்றியிருக்கும். எச்.பி.யை நாலு வாரம் பேசியவர்கள் இந்த அளவை எடுக்க மறந்திருந்தார்கள்.

இன்ஜின் போன புதன்கிழமை வந்தது. 20 எச்.பி., லாங் ஷாஃப்ட், பேட்டரி இல்லாமல் கயிற்றால் இழுக்கிற இன்ஜெக்ஷன் மாடல், 9 பிட்ச் விசிறியோடு கூடுதலாக ஓர் 8. டில்லரை நீட்டுகிற குழாய் ஒன்றும் சேர்த்து வாங்கச் சொன்னேன், ஓட்டுகிறவர் ஓரடியாவது முன்னால் நகர்ந்து உட்காரலாம். புது இன்ஜினை முதல் பத்து மணி நேரம் அடக்கித்தான் ஓட்ட வேண்டும், முதல் மணி நேரத்தில் பாதித் திராட்டிலைத் தாண்டவே கூடாது. அந்தப் பத்து மணி நேரத்தை ஆடிப்பெருக்குக்கு முன்னால் முடித்தாக வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பண்ணவாடியில் முதல் மணி நேரம் ஆரம்பிக்கிறது. அன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறதோ, அங்கே.